எரிவாயு வரும் வழியும் புகை போகும் வழியும்

2020 ஜனவரி 20 இரவு. நேபாளத்தின் தாமன் மலைவாசத்தலத்தில் ஒரு விடுதி. கேரளத்திலிருந்து சுற்றுலா சென்ற பதினைந்து பேர் அங்கே தங்கினார்கள். கடுங்குளிர். அவர்களில் எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தார்கள். எட்டில் நான்கு பேர் குழந்தைகள். கதவையும் சன்னல்களையும் உள்ளே தாழிட்டுக்கொண்டு, கேஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கினார்கள். மறுநாள் காலை எட்டுப் பேரும் நினைவற்றுக் கிடந்தார்கள். ஹெலிகாப்டரில் காத்மாண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் ஒருவரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த அறையில் சிலிண்டர் வெடிக்கவில்லை. தீப்பிடிக்கவில்லை. படுக்கை விரிப்புகூடக் கருகவில்லை. ஹீட்டர் தன் வேலையைச் செய்தது, அறை கதகதப்பானது. அந்தக் கதகதப்புக்குள்ளேயே அவர்கள் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள்.

இறந்தவர்கள் திருவனந்தபுரத்தையும் கோழிக்கோட்டையும் சேர்ந்தவர்கள். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் அவர்கள் மாநிலம். நம்மைப் போலவே கணப்பு மூட்டிக் குளிர்காய்ந்து பழகாத மக்கள். அதனால்தான் இந்தச் சாவுகளை எங்கோ இமயமலையில் நடந்த விபத்தென்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிற நாம் ஒதுக்கிவிடக் கூடாது என்கிறேன்.

நம் ஊரான வாசுதேவநல்லூரில் யார் வீட்டில் ஹீட்டர் இருக்கிறது என்று கேட்கலாம். அறையைச் சூடாக்கும் ஹீட்டர் இல்லைதான். ஆனால் அதே வேலையைச் செய்யும் இன்னொரு கருவி குளியலறைக்குள் வந்துவிட்டது. மேற்குமலையின் அடிவாரத்தில் இருக்கிறோம். ஆனி, ஆடிச் சாரலும் மார்கழிப் பனியும் நமக்கு வெந்நீர் கேட்கும் காலங்கள். மின்சார ஹீட்டர் போட்டால் பில் ஏறுகிறது என்று கணக்குப் பார்த்து, கேஸ் கீசரைச் சுவரில் மாட்டுகிறோம். குழாயைத் திறந்த கணமே வெந்நீர் வருகிறது. எங்கே மாட்டுகிறோம் என்பதைத்தான் யோசிப்பதில்லை. பெரும்பாலும் குளியலறைக்குள்ளேயே மாட்டுகிறோம். உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற, வீட்டிலேயே மிகச் சிறிய அறைக்குள்.

கசிவு ஒன்று, புகை இன்னொன்று

எரிவாயுவால் வரும் ஆபத்து இரண்டு வகை. ஒன்று, எரியாமல் வெளியேறும் வாயு. மற்றது, எரிந்தபின் வெளியேறும் வாயு. முதலாவது நமக்குத் தெரியும். அடுக்களையில் நெடி அடித்தால் வீட்டில் யாராவது ஒருவர் பதறிப்போய்ச் சிலிண்டரை மூடுகிறார்கள். இரண்டாவதற்கு நெடி கிடையாது, நிறம் கிடையாது, கண் எரிச்சல் கிடையாது. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு.

சமையல் எரிவாயு என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. போதிய காற்று கிடைத்தால் நீலச் சுடராக எரிந்து, நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடும். காற்று பற்றாமல் போனால் அரைகுறையாக எரியும். அப்போது உண்டாவதுதான் கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தில் பிராண வாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு அது பிராண வாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. நாம் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்போம். மூளைக்குப் போக வேண்டிய பிராண வாயு மட்டும் போய்ச் சேராது. முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், கால் தளர்ச்சி. ஏதோ பித்த மயக்கம் என்று நினைத்து உட்கார்ந்தால், எழுந்து தாழ்ப்பாளை நீக்கும் வலு அதற்குள் போய்விடுகிறது.

இதில் ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்தடிக்கு ஏழடி, ஒன்பதடி உயரம் கொண்ட குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே 9 கன மீட்டர்தான். அந்தக் காற்றைத்தான் கீசரும் குடிக்கிறது, குளிப்பவரும் சுவாசிக்கிறார். கீசரின் சுடர் அடுக்களை பர்னரைப் போலச் சிறியதும் அன்று. ஓடுகிற தண்ணீரை ஓடும்போதே சூடாக்க வேண்டும் என்பதால் அடுப்பைவிடப் பல மடங்கு வேகத்தில் அது எரிவாயுவை எரிக்கிறது. கதவை மூடி, சன்னலையும் மூடி, இரண்டு மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராகக் குளித்தால், கடைசியாகக் குளிப்பவர் உள்ளே நுழையும்போது அந்த அறையின் காற்று ஏற்கெனவே கெட்டிருக்கும்.

2025 அக்டோபரில் கர்நாடகத்தின் மைசூரு மாவட்டம் பிரியாபட்டணாவில் இளம்பெண்களான சகோதரிகள் இருவர் குளிக்கப் போய்க் குளியலறையிலேயே இறந்து கிடந்தார்கள். கேஸ் கீசரிலிருந்து வந்த நச்சு வாயுவே காரணமாக இருக்கும் என்று கூறப்பட்டது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் ஒரு விடுதியில், இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய திருச்சி இளைஞர்கள் இருவர் காலையில் எழவில்லை. ஹீட்டர், கீசர், கரி அடுப்பு என்று கருவிகள் வேறு. நடந்தது ஒன்றுதான்: எரிந்த வாயு வெளியே போக வழியில்லாத அறை.

புறவாசல் அடுப்பு போன பிறகு

நம் ஊர்ப் பழைய வீடுகளில் வெந்நீர் அடுப்பு புறவாசலில்தான் இருந்தது. மேலே ஓலைச் சாய்ப்போ தகரமோ, பக்கங்கள் திறந்தவெளி. அடுக்களையிலும் ஓட்டுக் கூரைக்கு மேலே புகைபோக்கி வைத்துக் கட்டினார்கள். கார்பன் மோனாக்சைடைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. விறகுப் புகை கண்ணைக் கரித்தது, இருமவைத்தது. ஆகவே அது போக வழி விட்டார்கள். புகையே அவர்களுக்குக் கட்டடக் கலையைச் சொல்லித் தந்தது.

ஊட்டியிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்களைப் பாருங்கள். ஒவ்வொரு கணப்புக்கும் மேலே சுவருக்குள்ளேயே ஒரு புகைபோக்கி ஏறி, கூரையைத் துளைத்து வெளியே நிற்கும். வீட்டுக்குள் நெருப்பை வளர்ப்பவன் அதற்கான வெளிவழியையும் சேர்த்தே கட்டினான். இன்று அதே மலைகளில் எழும் தங்கும் விடுதிகளின் அறைகளில் பெரும்பாலும் புகைபோக்கி இல்லை. குளிர் கடுமையானதும் கரிச்சட்டியோ சிலிண்டர் ஹீட்டரோ உள்ளே வருகிறது.

எரிவாயு வந்ததும் புகை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அது பெரிய விடுதலை; அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. விறகு ஊதி ஊதி நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட நம் பாட்டிகளும் அம்மாக்களும் பட்ட பாட்டுக்கு முடிவு கட்டியது எரிவாயுதான். 2006-ல் அமைந்த கருணாநிதி அரசு தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் கொடுத்தது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் பிரதமர் தொடங்கிவைத்த உஜ்வலா திட்டத்தில் நாடு முழுக்க ஏழைப் பெண்கள் பெயரில் எட்டுக் கோடி இணைப்புகள் 2019 செப்டம்பருக்குள் கொடுக்கப்பட்டன. பிறகு அது பத்துக் கோடியைத் தாண்டியது. இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை வீடுகளுக்கு எரிபொருளை மாற்றிக் கொடுத்தது சாதாரணச் செயல் இல்லை.

ஆனால் புகை கண்ணுக்குத் தெரியாமல் போனதோடு புகைபோக்கியும் போய்விட்டது. கான்கிரீட் வீடுகளில் அடுக்களைச் சன்னலை ஏசிக்காகவும் கொசுவுக்காகவும் அடைக்கிறோம். குளியலறையில் மேலே ஒரு சிறிய வென்டிலேட்டர். அதற்கும் கண்ணாடி போட்டு, பல்லி வருகிறது என்று அட்டையைச் செருகிவிடுகிறோம். நெருப்பை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டோம்.

அந்த ஐந்தடி டியூப்

இனி முதல் வகை ஆபத்து. எரியாத வாயு.

14.2 கிலோ சிலிண்டருக்குள் எரிவாயு திரவமாக இருக்கிறது. வெளியே வந்து வாயுவானால் ஏறத்தாழ 250 மடங்கு விரியும். காற்றைவிடக் கனமானது, மேலே பறந்து போகாது. தரையோடு படர்ந்து, பள்ளத்தில் தேங்கி, கதவிடுக்கு வழியே பக்கத்து அறைக்கும் நகரும். காற்றில் வெறும் இரண்டு சதவீதம் அளவுக்குக் கலந்திருந்தாலே போதும், ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். ஆகவேதான் சிலிண்டர் வைக்கும் அலமாரிக்குக் கீழ்ப்பக்கம், தரையையொட்டிக் காற்றுத் துளை வேண்டும் என்கிறார்கள். மேலே மட்டும் துளை வைத்தால் பயனில்லை. குழிவான இடத்திலும், தரைமட்டத்துக்குக் கீழே உள்ள அறையிலும் சிலிண்டரை வைக்கவே கூடாது.

சிலிண்டர் வலுவானது. அதை ஆலையில் சோதித்து அனுப்புகிறார்கள். கைப்பிடி வளையத்தின் உட்பக்கம் ஏ, பி, சி, டி என்று ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் எழுதியிருக்கும். அடுத்த சோதனைக்கான கெடு அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இலக்கம் ஆண்டைக் குறிக்கும். கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்ப நமக்கு உரிமை உண்டு. ரெகுலேட்டரும் பெரும்பாலும் ஏமாற்றாது. பலவீனம் இருப்பது ரெகுலேட்டருக்கும் அடுப்புக்கும் நடுவே உள்ள டியூபில். ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடிக்கு மேல் அது நீளக் கூடாது. அந்த ஐந்தடிதான் வீட்டின் உயிர்நாடி.

எண்ணெய் நிறுவனங்கள் 'சுரக்ஷா' என்ற பெயரில் கொடுக்கும் ஆரஞ்சு நிற டியூபுக்குள் எஃகுக் கம்பி வலை பின்னியிருக்கும். எலி கடித்தாலும் எளிதில் துளை விழாது. ஐஎஸ் 9573 என்ற இந்தியத் தரக் குறியீடும் காலாவதி ஆண்டும் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆனால் நம் வீடுகளில் டியூபை எப்போது மாற்றுகிறோம்? அடுப்பை மாற்றும்போது. இல்லையேல் மகளுக்குக் கல்யாணம் என்று வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது.

கீசர் வந்தபின் இந்த ஐந்தடி விதி முற்றிலும் குலைந்துவிட்டது. சிலிண்டர் அடுக்களையில் இருக்கிறது, கீசர் குளியலறையில். மாட்ட வருபவர் பச்சை நிற பிளாஸ்டிக் டியூபை மீட்டர் கணக்கில் வெட்டி, சுவரில் துளை போட்டு இழுத்துக் கொண்டுபோகிறார். இரண்டாவது சிலிண்டர் வீண் செலவு என்று, அடுப்புக்குப் போகும் டியூபையே நடுவில் வெட்டி டி-ஜாயிண்ட் போட்டுப் பிரிக்கிறார். ஒவ்வொரு இணைப்பும் கசிய ஒரு வாய். சுவருக்குள் போன டியூப் வெடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தொலைவுக்கு எரிவாயு போக வேண்டுமானால் அதற்கென்று செம்பிலோ இரும்பிலோ குழாய் போட வேண்டும், சுவருக்கு வெளியே தெரிகிற மாதிரிப் போட வேண்டும், இரு முனையிலும் வால்வு வைக்க வேண்டும், அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகே திறக்க வேண்டும். இதையெல்லாம் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டும். தண்ணீர்க் குழாய் மாட்டுகிறவர் கைவேலைக்காரர்தான். ஆனால் கசிகிற தண்ணீர் தரையை நனைக்கும், கசிகிற எரிவாயு வீட்டைத் தூக்கும்.

இலங்கையில் 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கொழும்பு முதல் யாழ்ப்பாணம் வரை வீட்டு அடுப்புகளும் டியூப்களும் வெடித்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. சனங்கள் சிலிண்டரை முற்றத்தில் வைத்துவிட்டு விறகு தேடிப் போனார்கள். சிலிண்டரில் அடைக்கும் கலவையில் புரொப்பேன் விகிதம் மாறியதே முக்கியக் காரணம் என்று ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு சொன்னது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அதுவரை ஒப்பேறிக்கொண்டிருந்த பழைய டியூபும் தேய்ந்த ரெகுலேட்டரும் கூடுதல் அழுத்தத்தில் தோற்றுப்போகும். வழங்குபவர் செய்யும் மாற்றம் ஒருபக்கம், வாங்குபவர் வீட்டுக் கருவியின் பலவீனம் மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் இடம் அந்த ஐந்தடிதான்.

நெடி சேர்த்த கதை

எரிவாயுவுக்கு இயல்பில் மணமே இல்லை. நாம் முகரும் அந்த அழுகிய நெடி எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பதால் வருவது. அது ஏன் சேர்க்கப்படுகிறது என்பதற்குப் பின்னே ஒரு பள்ளிக்கூடத்தின் கதை இருக்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர். எண்ணெய்க் கிணறுகளால் பணம் கொழித்த பகுதி. அங்கிருந்த பள்ளிக் கட்டடத்தில் அறைகளைச் சூடாக்க எழுபதுக்கும் மேற்பட்ட கேஸ் ஹீட்டர்கள். செலவைக் குறைப்பதற்காக 1937 தொடக்கத்தில் முறையான எரிவாயு இணைப்பை விட்டுவிட்டு, எண்ணெய் நிறுவனத்தின் கழிவு வாயுக் குழாயில் ஒட்டு இணைப்புப் போட்டுக்கொண்டார்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை. கட்டடத்தின் அடித்தளத்தில் அது கசிந்து நிறைந்தது. பிள்ளைகள் தலைவலி என்றார்கள். யாருக்கும் பொருள் புரியவில்லை. 1937 மார்ச் 18 பிற்பகல், தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் மர வேலைக்கான மின் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். கட்டடம் எழும்பி விழுந்தது. ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் மாணவர்கள்.

சில வாரங்களிலேயே டெக்சாஸ் சட்டமன்றம் எரிவாயுவுக்கு நெடி சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. உலகம் முழுதும் அந்த வழக்கம் பரவியது. இன்று வாசுதேவநல்லூரின் ஓர் அடுக்களையில் 'கேஸ் வாடை அடிக்குது' என்று ஒரு பெண் பதறி எழுந்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள் என்றால், அந்தப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கிருக்கிறது.

அங்கே சிலநூறு டாலர் கணக்கில் மிச்சம் பிடிக்கப் போட்ட ஒட்டு இணைப்புக்கும், இங்கே நாம் போடும் டி-ஜாயிண்டுக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. இரண்டும் 'இதனால் என்ன ஆகிவிடும்' என்ற ஒரே மனநிலையிலிருந்து வருபவை. வேறுபாடு, பேரழிவுக்குப் பிறகு அவர்கள் செய்த காரியத்தில் இருக்கிறது. சட்டத்தை மாற்றினார்கள்.

பிரிட்டனில் வாடகைக்கு விடும் வீட்டின் எரிவாயுக் கருவிகளை ஆண்டுக்கொரு முறை, பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு சோதித்துச் சான்று தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. 1998-ன் எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் அதைச் சொல்கின்றன. பதிவில்லாதவர் கேஸ் வேலை பார்ப்பதே குற்றம். 2022 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் வாடகை வீடுகளில் கொதிகலனோ கணப்போ உள்ள அறைக்குக் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணியும் கட்டாயம். லண்டனில் வாடகைக்கு இருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இந்தக் காவல், இங்கே ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஏன் இல்லை?

விடுதியும் வேனும்

தென்காசி மாவட்டத்துக்கென்று தனிக் கவலை ஒன்றும் உண்டு. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் நெடுஞ்சாலை நம் ஊரின் நடுவே போகிறது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குப் போகும் வேன்கள். பலவற்றில் பின்சீட்டுக்குக் கீழே அடுப்பும் சிலிண்டரும் இருக்கும். நிழல் கண்ட இடத்தில் இறக்கி, பொங்கி, சாப்பிட்டு, சூடு ஆறுமுன் மறுபடி ஏற்றுகிறார்கள். மழை பெய்தால் வேனுக்குள்ளேயே டீ போடுகிறவர்களும் உண்டு.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டி எரிந்ததை மறந்திருக்க மாட்டோம். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள். நாகர்கோவிலில் வழிபாட்டை முடித்துக்கொண்டு மதுரை வந்திருந்தார்கள். விதிகளை மீறி ஏற்றிய சிலிண்டரைக் கொண்டு பெட்டிக்குள் அடுப்பு மூட்டினார்கள். ஒன்பது பேர் எரிந்துபோனார்கள். மூடிய பெட்டிக்குள் சிலிண்டர் என்றால் என்னவென்று அந்த விபத்து நமக்குக் காட்டியது. வேனும் ஒரு மூடிய பெட்டிதான்.

குற்றாலச் சீசனில் அருவியில் நனைந்து நடுங்கிக்கொண்டு வருபவர்களுக்கு வெந்நீர் கொடுப்பது விடுதிகளுக்கு நல்ல விளம்பரம். ஒரு நாளைக்கு ஒரே அறையில் எத்தனை பேர் குளிப்பார்கள் என்ற கணக்கே இல்லாத இடம் அது. அங்கே குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டப்படக் கூடாது என்பதை உரிமத்தின் நிபந்தனையாகவே வைக்க வேண்டும். வெந்நீரை வெளியே, திறந்த இடத்தில் காய்ச்சிக் குழாய் வழியே அனுப்பட்டும். கூரையில் சூரிய ஒளி ஹீட்டர் வைக்கட்டும். பேரூராட்சியும் தீயணைப்புத் துறையும் சீசன் தொடங்கும் முன் அறை அறையாகப் பார்த்துச் சான்று தரட்டும். அறை ஒழுங்காக இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்க்கும் பயணிகளும் குளியலறைக்குள் நீலச் சுடர் எரிகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்

சிலிண்டர் வீட்டுக்கு வரும்போது இப்போது ஓடிபி எண்ணைச் சொன்னால்தான் கையில் கொடுக்கிறார்கள். சிலிண்டர் சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்ய நிறுவனங்கள் எடுத்துக்கொண்ட அக்கறை அது. நல்லது. அதே ஊழியர் உள்ளே வந்து டியூபின் மேலுள்ள ஆண்டைப் பார்த்து, காலாவதி ஆகியிருந்தால் தன் செல்பேசியில் பதிந்துவிட்டுப் போக எத்தனை நொடி ஆகும்? அந்தப் பதிவு விநியோகஸ்தருக்குப் போய், அடுத்த சிலிண்டரோடு புதிய டியூப் வர வேண்டும். அதன் விலையை ஏழை இணைப்புகளுக்கு நிறுவனமே ஏற்க வேண்டும். வாயுவை விற்பவரின் பொறுப்பு வாசற்படியோடு முடிவதில்லை. பர்னர் வரைக்கும் போகிறது.

கொண்டுவருபவர் வாசலில் வைத்துவிட்டு ஓடுகிறார் என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். ஒரு நாளில் அத்தனை வீடுகளுக்குச் சிலிண்டரைத் தோளில் சுமந்து மாடியேறும் மனிதரிடம் கூடுதலாக ஐந்து நிமிடம் கேட்கிறோம் என்றால், அந்த ஐந்து நிமிடத்துக்கு நிறுவனம் கூலி கொடுக்க வேண்டும். எடை போட்டுக் காட்டுவது, மூடியைத் திறந்து வால்வுக்குள் வாஷர் இருக்கிறதா, கசிகிறதா என்று பார்த்துக் கொடுப்பது இவையெல்லாம் நமக்குச் செய்யும் சலுகை அல்ல, விநியோகத்தின் பகுதி. கேட்டு வாங்க நாமும் தயங்கக் கூடாது.

கீசர் விற்கும் கடைக்காரருக்கும் கடமை உண்டு. குளியலறைக்கு வெளியே மாட்ட இடம் இருக்கிறதா, புகைக்குழாய் வெளியே போக வழி இருக்கிறதா என்று கேட்காமல் விற்கக் கூடாது. 'மூடிய அறையில் பொருத்தினால் உயிர் போகும்' என்று பெரிய தமிழ் எழுத்தில் கருவியின் முகப்பிலேயே அச்சிடப்பட வேண்டும். உள்ளே மடித்து வைத்த ஆங்கிலக் கையேட்டில் பொடி எழுத்தில் சொல்வது சொன்னதாகாது. வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும் பேரூராட்சி, குளியலறைக்கும் அடுக்களைக்கும் அடைக்க முடியாத காற்று வழி இருக்கிறதா என்று பார்த்தே கையெழுத்திட வேண்டும்.

விபத்து நேர்ந்த குடும்பத்துக்குக் காப்பீடு உண்டு என்பதுகூடப் பலருக்குத் தெரியவில்லை. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்காகவே பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கின்றன. எரிவாயு விபத்தில் இறந்தவருக்கு 6 லட்சம் ரூபாய், காயமடைந்தவரின் சிகிச்சைக்கு 2 லட்சம் ரூபாய் வரை, பதிவான முகவரியில் உள்ள வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை என்று அதில் வரம்பு இருக்கிறது. இதற்கு வாடிக்கையாளர் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. நேர்ந்தவுடன் விநியோகஸ்தருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு கேஸ் ஏஜென்சியின் வாசலிலும் இந்தத் தகவல் தமிழில் பலகையாகத் தொங்க வேண்டும்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் நாம். இன்று மாலையே பார்த்துவிடக்கூடிய சில காரியங்கள் உண்டு. டியூபின் மேல் எழுதியிருக்கும் ஆண்டைப் படியுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். குமிழ் வந்தால் கசிகிறது. தீக்குச்சி கிழித்துக் கசிவைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது உயிரைப் பணயம் வைப்பது. இரவு படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுங்கள். சுடர் நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள்; மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னருக்குக் காற்று போதவில்லை என்று பொருள். நெடி அடித்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். மின்விசிறியையும் தொட வேண்டாம். சுவிட்ச் எந்தப் பக்கம் போனாலும் பொறி பறக்கும். கதவு, சன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு வெள்ளை மூடியைப் போட்டுவிட்டு, எல்லோரும் வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணை அழையுங்கள். 2016 புத்தாண்டு நாள் முதல் எரிவாயுக் கசிவுக்கென்றே நாடு முழுவதும் இயங்கும் உதவி எண் அது.

கீசர் குளியலறைக்குள் இருந்தால் வெளியே மாற்றுங்கள். மாற்றும் வரை, வாளிகளில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்துவிட்டு, கதவைச் சற்றுநேரம் திறந்து வைத்தபின் குளிக்கப் போகலாம். குளிக்கப் போன பிள்ளை நேரமாகியும் வரவில்லை என்றால் கதவைத் தட்டுங்கள். பதில் இல்லாவிட்டால் உடையுங்கள். மயங்கிக் கிடப்பவரை முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போது, கேஸ் கீசர் எரிந்த அறையில் கிடந்தார் என்ற செய்தியை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். பிராண வாயு உடனே கொடுக்கப்பட வேண்டும் என்பதை அவர் அறிய அந்த ஒரு சொல் வேண்டும்.

எரிவாயு வீட்டுக்குள் வர வழி செய்தது அரசும் நிறுவனங்களும். அந்த வழியைக் கசியாமல் காப்பதும், எரிந்த வாயு வெளியே போக வழி செய்வதும் இன்னும் யாருடைய பொறுப்பாகவும் ஆகவில்லை. அடுத்த சீசன் தொடங்கும் முன் தென்காசி மாவட்ட நிர்வாகம் விநியோகஸ்தர்களையும், விடுதிக்காரர்களையும், கீசர் விற்பவர்களையும், தீயணைப்புத் துறையினரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்து, இந்தப் பொறுப்பை ஆளுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை நம் வீட்டுக் குளியலறைச் சன்னலை அடைத்திருக்கும் அட்டையை நாமே எடுத்துவிடுவோம்.